மீன் சாப்பிடும் உடம்பில் பி12 குறைவு: காசிமேட்டு அம்மாவும் வைட்டமின் பிளாஸ்திரியும்

வடசென்னைக் காசிமேட்டில் மீன் விற்கும் 61 வயது அம்மா ஒருவர், இரண்டு பாதமும் மரத்துப்போகிறது என்று ராயபுரத்தில் உள்ள எங்கள் கிளினிக்குக்கு மகளோடு வந்தார். அவர்கள் இருவரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பத்து வருடத்துக்கும் மேலாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் 1000 மி.கி. காலையும் இரவும். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் பழுதான இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். அதில் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின். சீட்டில் இருந்தவை இவ்வளவுதான். சீட்டில் இல்லாத ஒன்றை மகள் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்: பேன்டோப்ரஸோல். எப்போதோ நெஞ்செரிச்சலுக்கு எழுதிக் கொடுத்தது. அதைக் 'கேஸ் மாத்திரை' என்று மெடிக்கலில் கேட்டு வாங்கி, ஐந்தாறு வருடமாக வெறும் வயிற்றில் போட்டு வந்திருக்கிறார்.

அதே பையில் இன்னொரு பாக்கெட்டும் இருந்தது. ஆன்லைனில் வரவழைத்த வைட்டமின் பிளாஸ்திரி. தினமும் ஒன்றைக் கையில் ஒட்டினால் போதும், மாத்திரையும் வேண்டாம் ஊசியும் வேண்டாம் என்று போட்டிருந்தது. அதை ஒட்டத் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கால் மட்டும் தேறவில்லை.

குறையும் பரிசோதனையும்

முதலில் விரல் நுனியில் மதமதப்பு, பிறகு பாதம் முழுக்க. ராத்திரியில் எரிச்சல். விடியுமுன் இருட்டில் ஏலத்துக்குப் போகும்போது தடுமாற்றம். ஒருநாள் ஈரத்தரையில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே ரொம்ப தூரம் நடந்திருக்கிறார். இதெல்லாம் அவரே சொன்னது. மகள் சொன்னது வேறு: "அம்மா இப்பல்லாம் கொழம்புல மொளகாயே போட வுடமாட்டேங்குது டாக்டர். நாக்கு எரியுதாம்."

அந்த ஒரு வார்த்தைக்காக மகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். பத்து வருடச் சர்க்கரை நோயாளிக்குக் கால் மரத்தால், சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவது ரொம்பச் சுலபம். பெரும்பாலான நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் நாக்கு எரிவதை அது விளக்காது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். நாக்கின் மேல் இருக்க வேண்டிய சொரசொரப்பு இல்லாமல் வழவழவென்று சிவந்திருந்தது.

128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கால் கட்டைவிரலில் வைத்தபோது அதிர்வு தெரியவில்லை, கணுக்காலிலும் தெரியவில்லை, முழங்காலில்தான் தெரிந்தது. கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்தால், எந்தப் பக்கம் போகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. காலைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னதும் சாய்ந்தார். தண்டுவடத்தின் பின்பக்க நரம்புக் கற்றைகள் அடிபட்டால் வரும் தடுமாற்றம் இப்படித்தான் இருக்கும்.

ஹீமோகுளோபின் 10.4. சிவப்பணுவின் சராசரி அளவான எம்.சி.வி. 104, அதாவது அணுக்கள் பெருத்திருக்கின்றன. ரத்தப்பூச்சில் வெள்ளையணுக்களின் உட்கரு வழக்கத்தைவிட அதிகமான துண்டுகளாகப் பிரிந்திருந்தது. வைட்டமின் பி12 ஒரு மில்லிலிட்டருக்கு 148 பைக்கோகிராம். 200-க்குக் கீழே போனாலே குறைவு என்று எடுத்துக்கொள்கிறோம். தைராய்டும் சிறுநீரகமும் சரியாக இருந்தன. மூன்று மாதச் சர்க்கரை சராசரி 7.6.

முடிவைச் சொன்னதும் அந்த அம்மா கேட்ட கேள்வி நியாயமானது. "தெனம் மீனுதான் துண்றேன். எனக்கு இன்னாத்துக்கு சத்து கொறையுது?"

மத்தி, கானாங்கெளுத்தி எல்லாம் பி12 நிறைந்த மீன்கள். சௌகார்பேட்டையில் சைவம் மட்டுமே சாப்பிடும் குடும்பங்களில் பி12 குறைவைப் பார்க்கும்போது யாரும் ஆச்சரியப்படுவதில்லை. காசிமேட்டில் பார்த்தால் எல்லோருக்கும் ஆச்சரியம். ஆனால் தட்டில் இருக்கும் பி12 ரத்தத்துக்கு வந்து சேர நிறைய படிகளைத் தாண்ட வேண்டும். மீனின் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12-ஐப் பிரிப்பதற்கு இரைப்பை அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை அந்த அமிலத்தைக் குறைக்கிறது. பிரிந்த பி12, இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை போக வேண்டும். அங்கே அதை உள்ளே வாங்கிக்கொள்ளக் கால்சியம் தேவை. மெட்ஃபார்மின் இடைஞ்சல் செய்வது அந்த இடத்தில் என்றுதான் கருதப்படுகிறது. ஈரலில் இரண்டு முதல் ஐந்து மில்லிகிராம் வரை சேமிப்பு இருப்பதால் சில வருடம் ஒன்றும் தெரியாது. சேமிப்பு தீர்ந்த பிறகுதான் நாக்கும் நரம்பும் பேசத் தொடங்கும். மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்கு ரத்தசோகையோ நரம்புக் கோளாறோ தெரிந்தால் பி12 பார்க்க வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் அறிவுறுத்தியது. நம் தெருக்களில் சுகர் மாத்திரையையும் கேஸ் மாத்திரையையும் சேர்த்துப் போடுபவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்தால் அந்த அறிவுரையின் கனம் புரியும்.

ஊசி ஏன் வேண்டாம் என்றார்

முன்பு வேறொரு இடத்தில், அசதி என்று போனபோது, வார்ஃபரின் சாப்பிடுகிறாரா என்று கேட்காமலே இடுப்பில் 'நரம்பு ஊசி' போட்டிருக்கிறார்கள். தசைக்குள் ரத்தம் கசிந்து, கைமுட்டி அளவுக்குக் கன்றி, உட்கார முடியாமல் வாரக்கணக்கில் வியாபாரம் கெட்டது. அதிலிருந்து ஊசி என்றாலே எழுந்து போய்விடுவார். அந்தப் பயத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவருக்குத் தசை ஊசி உண்மையிலேயே ஆபத்துதான். அம்மாவுக்காகத் தேடிய மகள் பிளாஸ்திரியைக் கண்டுபிடித்ததற்கும் அதுதான் காரணம். தேடிய திசை தவறே இல்லை. குடலையும் ஊசியையும் ஒரே நேரத்தில் தவிர்க்க வேண்டிய ஒருவருக்குத் தோல் வழி என்பது நல்ல யோசனை. கையில் கிடைத்த சரக்குதான் வேறு.

பாக்கெட்டில் இருந்தது என்ன

பிளாஸ்திரி ஒன்றை உரித்து, டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தோம். பசைப்பக்கம் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது. தோலின் மேலடுக்கைத் துளைத்து மருந்தை உள்ளே விடும் மிகச் சின்ன முனைகளான நுண்ணூசி இருந்தால் அப்படி இருக்காது; வரிசை வரிசையாகப் புள்ளிகள் நிழல் விழ நிற்கும், விரல் பட்டால் சொரசொரக்கும். இது வெறும் பசைத்தாள். பி12-ம் சேர்த்து ஏழெட்டு வைட்டமின்களின் பெயர் அட்டையில் இருந்தது.

தோலின் மேலடுக்கு செத்த செல்களும் கொழுப்பும் மாறிமாறி அடுக்கிய சுவர். தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். ஆனாலும் மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு மேல் போனால் அதைத் தாண்டுவது ரொம்பக் கடினம். நிகோட்டின் 162, ஈஸ்ட்ரடையால் 272, ஃபென்டனில் 336. பிளாஸ்திரியாக வெற்றி பெற்ற மருந்துகளைப் பாருங்கள், எல்லாம் பொடிசுகள். பி12-ன் எடை 1355. அதுவும் தண்ணீரில் கரைவது. கொழுப்புச் சுவருக்குள் அதற்கு இடமே இல்லை. வைட்டமின் டி 385தான், எடை கணக்கில் தேறிவிடும். ஆனால் அது எண்ணெயோடு மட்டுமே ஒட்டும் பொருள் என்பதால் மேலடுக்குக் கொழுப்பிலேயே தங்கிவிடும், கீழே இருக்கும் நீர்ப்பகுதிக்கு எளிதில் இறங்காது. இரண்டு மாதம் ஒட்டியும் ரத்தத்தில் பி12 148-ல் இருந்ததற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

பட்டியலில் வைட்டமின் கே-யும் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. வார்ஃபரின் வேலை செய்வதே வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துத்தான். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அன்றைக்கு அவருக்கு 1.9. மைட்ரல் இடத்தில் உலோக வால்வு இருப்பவருக்கு 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். வால்வில் ரத்தம் கட்டினால் பக்கவாதம் வரை போகும். விசாரித்ததில் காரணம் வேறு என்று தெரிந்தது. அம்மா சோர்ந்து போகிறார் என்று மகள் தினமும் முருங்கைக்கீரை சமைத்துப் போட்டிருக்கிறார். கீரையில் வைட்டமின் கே நிறைய. பிளாஸ்திரியிலிருந்து ஒன்றும் பெரிதாக உள்ளே போயிருக்காது. ஆனால் உண்மையிலேயே உள்ளே செலுத்தும் நுண்ணூசியில் அதே சேர்மானம் இருந்திருந்தால் நிலைமை வேறு. தோல் வழி வைட்டமின் வேலை செய்யத் தொடங்கும் நாளில், அதன் சேர்மானப் பட்டியலையும் மருந்துச் சீட்டைப் படிப்பது போலவே படித்தாக வேண்டும். இயற்கைச் சத்துதானே என்று யாரும் ஒட்டிக்கொள்ளக் கூடாது.

கரையும் நுண்ணூசி

தோலில் நுண்ணிய முனைகளால் துளையிட்டு மருந்து செலுத்தும் யோசனைக்கு அமெரிக்காவில் 1976-லேயே காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு சின்ன ஊசியைச் செய்யும் தொழில்நுட்பம் வரத்தான் நாளானது. 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் மார்க் பிரவுஸ்னிட்ஸ் குழுவினர் சிலிக்கானில் செய்து காட்டினார்கள். சிலிக்கான் முனை தோலுக்குள் உடைந்தால் வம்பு. அடுத்த கட்டமாக, கரைந்துபோகும் பொருளிலேயே ஊசியைச் செய்தார்கள்: பாலிவினைல் பைரோலிடோன், பாலிவினைல் ஆல்கஹால், ஹையலூரானிக் அமிலம், கூடவே மருந்து கெடாமல் காக்கும் ஒரு சர்க்கரை. கூம்புக் குழிகள் உள்ள சிலிகோன் அச்சில் மருந்துக் கரைசலை ஊற்றி, காற்றை உறிஞ்சியோ சுழற்றியோ குழிகளின் அடிவரை இறக்கிக் காயவைப்பார்கள். விலை கூடிய மருந்தை முனையில் மட்டும் நிறுத்தி, அடிப்பாகத்தை வெறும் பாலிமரால் நிரப்புவது இப்போதைய வழக்கம். கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினால் முனைகள் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போய், திசுநீரில் நனைந்து கரையும். மருந்து நுண்ரத்தக் குழாய்களுக்குப் போய்ச் சேரும். முனை குட்டையாக இருப்பதால் வலியும் ரத்தக்கசிவும் மிகக் குறைவு. தசையைத் தொடுவதே இல்லை. உரித்த பிறகு குத்தும் குப்பை எதுவும் மிஞ்சாது. இந்த அம்மாவுக்கு வேண்டியதும் அதுதானே?

இந்த முறை மனிதரிடம் வேலை செய்யும் என்பதற்குத் தடுப்பு மருந்தில் நல்ல சான்று இருக்கிறது. 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஃப்ளூ தடுப்பூசி ஆய்வில் 100 பேர் பங்கேற்றார்கள். நுண்ணூசிகள் பதித்த பட்டையில் 650 மைக்ரோமீட்டர் உயரத்தில் 100 முனைகள்; ஒட்டிய 20 நிமிடத்தில் கரைந்தன; ஒரு பிரிவினர் தாங்களே ஒட்டிக்கொண்டார்கள். 2024-ல் காம்பியாவில் கைக்குழந்தைகள் உட்படப் பலருக்குத் தட்டம்மை, ருபெல்லா தடுப்பு மருந்தைப் பட்டையில் கொடுத்து, ஊசிக்கு நிகரான எதிர்ப்புச் சக்தி வந்ததாக அறிவித்தார்கள். வைட்டமினில் நிலைமை இன்னும் பின்னால்தான். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரயான் டோனெல்லி குழு 2019-ல் பி12-ஐ இரண்டடுக்கு நுண்ணூசியில் ஏற்றி எலிகளில் சோதித்தது. அதே குழு, பச்சிளம் குழந்தைக்குப் பிறந்ததும் போடும் வைட்டமின் கே ஊசிக்கு மாற்றாக ஒரு பட்டையையும் செய்து பார்த்திருக்கிறது. அது இந்த அம்மாவுக்கு விஷம் மாதிரி. பிறந்த குழந்தைக்கு உயிர்காப்பு.

எந்த வைட்டமின் இந்த முறைக்குப் பொருந்தும் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். ஒரு முனையின் உயரம் 650 மைக்ரோமீட்டர், அடி அகலம் 200 என்று வைத்துக்கொள்வோம். கூம்பின் கன அளவு ஏறக்குறைய 0.007 கன மில்லிமீட்டர். நூறு முனை சேர்ந்தால் 0.7. காய்ந்த பாலிமர் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனமானது, அதனால் மொத்த எடை ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாது. அதில் பத்தில் ஒரு பங்கு மருந்து என்றால் சுமார் 80 மைக்ரோகிராம்.

பி12-க்கு இது தாராளம். ஒரு நாளைய தேவை இரண்டு இரண்டரை மைக்ரோகிராம்தான். ஏற்றியதில் பாதி உள்ளே போனாலும் வாரத்துக்கு ஒரு பட்டை போதும். வைட்டமின் சி-யோ நாளுக்குப் பல பத்து மில்லிகிராம் வேண்டும்; அதற்கு உடம்பு முழுக்க ஒட்டினாலும் போதாது. கால்சியத்தையும் இரும்பையும் பேசவே வேண்டாம். டி-யை ஏற்றலாம், ஆனால் நீர்சார்ந்த பாலிமரில் எண்ணெய்ப் பொருளைக் கலப்பது தனிப் பாடு. வாரம் ஒருமுறை விழுங்கும் 60,000 யூனிட் உருண்டையே வேலையை முடித்துவிடும்போது அந்தப் பாடு எதற்கு? ஆக, 'எல்லா வைட்டமினும் ஒரே ஒட்டில்' என்ற விளம்பரத்தைப் பார்த்தாலே தள்ளி வைத்துவிடலாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு: கரைசலில் வைட்டமின் சி பக்கத்தில் இருந்தால் பி12 சிதையும். வெளிச்சமும் அதற்கு ஆகாது.

வடசென்னைக்கென்று ஒரு தொல்லையும் சொல்ல வேண்டும். இந்தப் பாலிமர்கள் ஈரத்தை உறிஞ்சுபவை. திசுநீரில் கரைவதே அதனால்தான். கடலையொட்டிய காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் காற்றில் எப்போதும் ஈரம். உறையைக் கிழித்து மேசைமேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால் முனைகள் இளகிவிடும், அழுத்தும்போது தோலில் ஏறாமல் மடங்கும். வியர்த்த தோலில் பசையும் நிற்காது. நாள் முழுக்க ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் கை வைப்பவர், முன்கையில் ஒட்டுவதைவிட மேல்கையில் துடைத்துக் காயவைத்து, உறையைக் கிழித்த கையோடு ஒட்ட வேண்டியிருக்கும். ஃப்ளூ பட்டை 40 டிகிரியில் ஆறு மாதம் கெடாமல் இருந்ததைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அது மூடிய உறைக்குள். நம் ஊருக்குக் கொண்டுவரும்போது உறையைத் திறந்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் இங்கேயே, ஆகஸ்டு புழுக்கத்திலும் ஐப்பசி மழையிலும், சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து.

என்ன செய்தோம்

மருந்தாக ஒப்புதல் பெற்ற பி12 நுண்ணூசிப் பட்டை இன்று நம் மெடிக்கல் கடைகளில் இல்லை. நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும்போது அது வரும் என்று காத்திருக்கவும் முடியாது. தண்டுவடப் பாதிப்பில் இழந்தது எல்லாமே திரும்பாது. தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் நட்டம்.

இதய மருத்துவரிடம் அன்றே பேசி வார்ஃபரின் அளவைச் சரிசெய்தோம். கீரையை நிறுத்தச் சொல்லவில்லை, வாரத்துக்கு இத்தனை தடவை என்று ஒரே சீராக வைக்கச் சொன்னோம். ஊசிக்கு ஒரு நடுவழி இருந்தது. பி12-ன் ஒரு வடிவமான ஹைட்ராக்ஸோகோபாலமின் 1000 மைக்ரோகிராமைத் தசைக்குள் போடாமல், இன்சுலின் சிரிஞ்சின் மெல்லிய ஊசியால் வயிற்றுத் தோலுக்கடியில் போட்டு ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிப்பது. அந்தச் சிரிஞ்சைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னோம். "இத்தினியூண்டுதானா?" என்றார். அண்டை வீட்டில் தினம் இன்சுலின் போடுவதைப் பார்த்தவர். சம்மதித்தார். நரம்பு அறிகுறி இருப்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள். எங்கும் கன்றவில்லை. பி12 இல்லாமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறியது போல் காட்டி நரம்பை மேலும் கெடவிடும் என்பதால் அதைத் தொடவில்லை. கேஸ் மாத்திரை தேவையா என்று பார்த்து, படிப்படியாக நிறுத்தினோம். மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை.

நாக்கு எரிச்சல்தான் முதலில் போனது, இரண்டு வாரத்துக்குள். மூன்றாம் மாதம் ஹீமோகுளோபின் 12.1, எம்.சி.வி. 91. ஆறாம் மாதம் கணுக்காலில் அதிர்வு தெரிந்தது, கண்ணை மூடினாலும் நின்றார். கட்டைவிரலில் இன்னும் தெரியவில்லை. அதில் எவ்வளவு சர்க்கரையின் பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இப்போது அவர் எடுப்பது தினம் ஒரு 1000 மைக்ரோகிராம் பி12 மாத்திரை. குடலின் தனி வழி அடைபட்டிருந்தாலும், விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்கு சும்மாவே கசிந்து உள்ளே போகும். அந்தப் பத்து மைக்ரோகிராம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. அதிக அளவு மாத்திரை ரத்தத்தில் பி12-ஐ ஊசிக்கு இணையாக உயர்த்தக்கூடும் என்று பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பும் சொன்னது, ஆய்வுகள் சிறியவை என்ற எச்சரிக்கையோடு. இதனால்தான் பி12 பட்டையைப் பற்றி என் எதிர்பார்ப்பு அளவோடு இருக்கிறது. ஊசியைவிட வலி குறைவு என்று காட்டினால் மட்டும் போதாது. சில ரூபாய் மாத்திரையைவிட எங்கே மேல் என்று அது காட்ட வேண்டும்: குடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தவர், விழுங்க முடியாத முதியவர், தினமும் மாத்திரை எடுக்க மறப்பவர், எதைக் கொடுத்தாலும் வாந்தியெடுக்கும் குழந்தை. இவர்களுக்காக வந்தால் நானே முதலில் எழுதிக் கொடுப்பேன்.

மகள் மீதிப் பிளாஸ்திரிகளைத் திருப்பி அனுப்பப் பார்த்தார், வாங்கிக்கொள்ளவில்லையாம். அவர் அப்பாவும் எட்டு வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர். கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று வர மறுத்தவரை மகள் இழுத்து வந்தார். பி12 212. எல்லைக்கோட்டில் இருப்பதால் அவருக்கும் மாத்திரை தொடங்கியிருக்கிறோம். மூன்று மாதம் கழித்து இருவருக்கும் சேர்த்து ரத்தம் எடுக்க வேண்டும்.